"சட்டம் ஒழுங்கு" என்று ஒரு வரி எழுதினால் போதுமா? பேச்சுரிமையும் நியாயமான கட்டுப்பாடும்

இராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஒரு விசைப்படகு மீனவர் சங்கம் இருப்பதாகவும், இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற மீனவர்களையும் படகுகளையும் மீட்டுத் தரக் கோரி, வரும் சனிக்கிழமை காலையில் ஆர்ப்பாட்டம் நடத்த அச்சங்கம் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்திருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பதில் வருகிறது: "சட்டம் ஒழுங்குப் பிரச்சினை ஏற்பட வாய்ப்புள்ளதால் அனுமதி மறுக்கப்படுகிறது." அவ்வளவுதான், வேறு விவரம் இல்லை. அன்று மாலை சங்கக் கூட்டத்தில் என்ன பேசுவார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பேச்சுரிமை அடிப்படை உரிமை, அதை எவராலும் தடுக்க முடியாது என்பார் ஒருவர். எந்த உரிமைக்கும் எல்லை உண்டு, ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்பார் இன்னொருவர். அரசமைப்புச் சட்டத்தின்படி இருவர் சொல்வதும் சரியல்ல. முதலாமவர் உரிமையைப் பெரிதாக்குகிறார். இரண்டாமவர் எல்லையைப் பெரிதாக்குகிறார். எல்லை எங்கே, அதை வரைய யாருக்கு அதிகாரம், வரைந்தவர் எதைக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எழுத்திலும் தீர்ப்புகளிலும் ஓரளவு துல்லியமாகவே இருக்கிறது.

எழுத்தில் இருப்பதை முதலில் பார்ப்போம். உறுப்பு 19(1)(அ) எல்லாக் குடிமக்களுக்கும் பேச்சுரிமையும் கருத்து வெளியிடும் உரிமையும் உண்டு என்கிறது. அதை அடுத்து வரும் (ஆ) கூறு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. ஆர்ப்பாட்டம் என்பதில் இந்த இரண்டும் கலந்திருக்கின்றன. அமைதியான ஆர்ப்பாட்டமும் கருத்து வெளியீட்டின் ஒரு வடிவமே என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில் ஏற்றுக்கொண்டது. உறுப்பு 19(2)-இல் பேச்சுரிமைக்கான எல்லைகள் வருகின்றன: இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். இந்த எட்டுக் காரணங்களுக்காக, ஒரு சட்டத்தின் வழியாக, நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். ஒன்பதாவது காரணம் கிடையாது. பொதுநலன், நிர்வாக வசதி, ஒருவர் மனம் புண்படுவது ஆகியவை தம்மளவில் இந்தப் பட்டியலில் இல்லை. பட்டியல் முழுமையானது, அதில் புதிதாக ஒன்றைச் சேர்த்துப் படிக்க முடியாது என்று கௌஷல் கிஷோர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2023 ஜனவரியில் மீண்டும் உறுதிப்படுத்தியது.

ஆகவே நம் சங்கத்துக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்த மறுப்புக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது? எட்டில் எந்தக் காரணத்துக்காக மறுக்கப்படுகிறது? அந்தக் காரணத்துக்கு இவ்வளவு கடுமையான தடை தேவைதானா? மூன்றுக்கும் விடை சொல்லும் பொறுப்பு அரசினுடையது. பேச விரும்புகிறவர், தான் ஏன் பேச வேண்டும் என்று நிரூபிக்கத் தேவையில்லை. தடுக்க விரும்புகிறவரே தடைக்கு நியாயம் காட்ட வேண்டும். இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்தால், தீர்ப்புகளில் வரும் மற்றவை எல்லாம் அதன் விரிவாகவே தெரியும்.

முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியது. கட்டுப்பாட்டுக்குச் சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டம் பின்னணியில் இருக்க வேண்டும். ஓர் அலுவலகச் சுற்றறிக்கை போதாது. கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றும், மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டபோது, கல்வித் துறையின் சுற்றறிக்கைகளுக்குச் சட்டத்தின் வலு இல்லை என்பதை நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய 1986-ஆம் ஆண்டுத் தீர்ப்பு முக்கியமான காரணமாக எடுத்துக்கொண்டது.

காவல் துறைக்கு அப்படிச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாவட்டங்களில் வழக்கமாகப் பயன்படுவது 1861-ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவு. பொதுச் சாலையில் கூட்டமோ ஊர்வலமோ நடத்துகிறவர்கள், அமைதி குலையும் வாய்ப்பு இருப்பதாக அதிகாரி கருதினால், முன்கூட்டியே உரிமம் கேட்க வேண்டும் என்று ஆணையிட அது அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவை நிதானமாகப் படித்தால், அது நிபந்தனைகளோடு கூடிய உரிமத்தைப் பற்றியே பேசுகிறது என்பது தெரியும். எல்லாக் கூட்டங்களையும் ஒரேயடியாக மூடிவிடும் சாவியாக அதைப் பயன்படுத்துவது பொருத்தமல்ல என்பதே என் கருத்து. மற்றொன்று, இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லாத "144". செப்டம்பர் 11 அன்று பரமக்குடியிலும் அக்டோபர் 30 அன்று பசும்பொன்னிலும் நடக்கும் நினைவு நிகழ்ச்சிகளை ஒட்டி, இந்த மாவட்டத்தில் பல ஆண்டுகள் ஆட்சியரின் தடை உத்தரவு நடைமுறையில் இருந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டதால், 144 இருந்த இடத்தில் இப்போது 163-ஆம் பிரிவு இருக்கிறது. பெயரும் எண்ணும் மாறினாலும் தன்மை மாறவில்லை: அவசர நிலையைச் சமாளிக்கும் தற்காலிக அதிகாரம், சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாத உத்தரவு. அப்படி ஓர் உத்தரவு இருந்தால் அது வெளியிடப்பட வேண்டும், அதற்கான உண்மைக் காரணங்கள் அதிலேயே சொல்லப்பட வேண்டும், எதிர்த்து நீதிமன்றம் செல்ல ஏதுவாக இருக்க வேண்டும், நியாயமான கருத்து வெளியீட்டை நசுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்று தெளிவாக்கியது. அதே உத்தரவைத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்றும் அத்தீர்ப்பில் உண்டு.

இரண்டாவது கேள்வியில்தான் சுவையான வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி நம் மண்ணைச் சேர்ந்தது. பம்பாயில் அச்சான "கிராஸ் ரோட்ஸ்" என்னும் வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று 1950 மார்ச்சில் அப்போதைய மாநில அரசு, 1949-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் தடை விதித்தது. இராமநாதபுரம் அப்போது சென்னை மாநிலத்தின் ஒரு மாவட்டம் என்பதால், மண்டபத்துக்கோ தொண்டிக்கோ தபாலில் வந்திருக்கக்கூடிய பிரதிக்கும் அந்தத் தடை பொருந்தும். இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் நேரடியாக உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே 26 அன்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்தத் தடையைச் செல்லாது என்றது. காரணம் எளிமையானது: அன்றைய உறுப்பு 19(2)-இல் "பொது ஒழுங்கு" என்ற காரணமே இருக்கவில்லை. அரசின் பாதுகாப்பைக் குலைப்பது, அரசைக் கவிழ்ப்பது என்ற அளவுக்குப் போகும் பேச்சையே அரசமைப்புச் சட்டம் தடுக்க அனுமதித்தது. உள்ளூர்ச் சச்சரவு அந்த அளவுக்குப் போகாது என்றது நீதிமன்றம்.

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை ஆண்டு கூட ஆகாத நிலையில், 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, அயல்நாடுகளுடன் நட்புறவு, குற்றம் புரியத் தூண்டுதல் ஆகிய மூன்றும் அதன் வழியாகவே நுழைந்தன. முதல் திருத்தத்தைப் பேச்சுரிமையின் தோல்வியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். ஆனால் அதே திருத்தம் கட்டுப்பாட்டுக்கு முன்னால் "நியாயமான" என்ற அடைமொழியையும் சேர்த்தது. பிற்காலத்தில் குடிமக்கள் வென்ற பல வழக்குகள் அந்த ஒரு சொல்லின் தோளில் நின்றுதான் வென்றன. பட்டியலின் முதல் காரணமான இறையாண்மையும் ஒருமைப்பாடும் 1963-இல் 16-ஆம் திருத்தத்தின் மூலம் வந்தது. திராவிட நாடு கோரிக்கை சூடாக இருந்த காலத்தின் பின்னணியில் வந்த திருத்தம் அது, தி.மு.க. அக்கோரிக்கையைக் கைவிட்டதும் அதே ஆண்டில்தான்.

சரி, "பொது ஒழுங்கு" பட்டியலில் ஏறிவிட்டதே, இனிக் காவல் நிலையக் கடிதம் செல்லுபடியாகிவிடுமா? கடிதத்தில் இருப்பது "சட்டம் ஒழுங்கு". இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றலாம். செய்தித்தாள்களும் மேடைகளும் அப்படித்தான் கலந்து பேசுகின்றன. நீதிமன்றத்தில் இவை வேறு வேறு. 1965-இல் பீகாரில் சோசலிசத் தலைவர் ராம் மனோகர் லோகியாவைப் பாட்னா மாவட்ட ஆட்சியர் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் காவலில் வைத்தார். விதி அனுமதித்த காரணம் பொது ஒழுங்கு. உத்தரவில் எழுதப்பட்டிருந்ததோ சட்டம் ஒழுங்கு. உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அந்த உத்தரவு நிற்காது என்று கூறி அவரை விடுவித்தார்கள். அப்போது நீதிபதி இதயத்துல்லா, ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார். வெளி வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் சிறிய வட்டம் பொது ஒழுங்கு. நடுவில் மிகச் சிறியது அரசின் பாதுகாப்பு. வெளி வட்டத்தைத் தொடும் ஒவ்வொன்றும் உள் வட்டத்தைத் தொடுவதில்லை.

இதைக் கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். மீன் இறங்குதளத்தில் எடை குறைத்துப் போட்டதாக ஒரு வியாபாரிக்கும் படகுக்காரருக்கும் கைகலப்பு வந்தால் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. காவலர் வரலாம், வழக்குப் போடலாம், இருவரையும் அழைத்துச் செல்லலாம். அதனால் பாம்பன் மக்களின் அன்றாட வாழ்க்கை நின்றுவிடாது. அதே சண்டை இரண்டு ஊர்களுக்கு இடையிலான மோதலாக மாறி, கடைகள் அடைக்கப்பட்டு, மக்கள் வெளியே வர அஞ்சும் நிலை உருவானால் அது பொது ஒழுங்கைத் தொடுகிறது. செயலின் தன்மையை விட, சமூகத்தின் சீரான போக்கை அது எவ்வளவு தூரம் குலைக்கிறது என்பதே அளவுகோல். ஆக, நம் கடிதத்தில் உள்ள காரணம் எட்டுக் காரணங்களில் ஒன்றைக் கூடச் சரியாகச் சொல்லவில்லை. சொல்லைத் திருத்தி மறுபடி எழுதினாலும் போதாது. இந்த ஆர்ப்பாட்டம் எப்படி ஊரின் அமைதியைக் குலைக்கும் என்பதற்கு ஏதேனும் தகவல் இருக்க வேண்டும்.

அந்தத் தொடர்பு நெருக்கமானதாகவும் இருக்க வேண்டும். லோகியாவின் இன்னொரு வழக்கு, 1960-இல் தீர்ப்பானது, இதற்கு அடிப்படை. உயர்த்தப்பட்ட பாசனக் கட்டணத்தைக் கட்டாதீர்கள் என்று உத்தரப் பிரதேச விவசாயிகளிடம் அவர் பேசியதற்காகக் கைது செய்யப்பட்டார். இன்று கட்டணம் கட்டாதே என்பார்கள், நாளை அது கிளர்ச்சியாகும், மறுநாள் புரட்சியாகும் என்ற வாதத்தை நீதிபதி சுப்பா ராவ் ஏற்கவில்லை. பேச்சுக்கும் குழப்பத்துக்கும் இடையே தூரத்துக் கற்பனையான தொடர்பு இருந்தால் போதாது என்றார். 2015 மார்ச் 24 அன்று, இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவுகளைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பும் இந்த வழியில்தான் வருகிறது: ஒன்றை விவாதிப்பதும் வலியுறுத்துவதும், அது எவ்வளவு பிடிக்காத கருத்தாக இருந்தாலும், பேச்சுரிமைக்குள் அடங்கும், தூண்டுதல் என்ற கட்டத்தை அடையும்போதுதான் கட்டுப்பாட்டுக்கு இடம் உண்டு.

காவல் துறை இன்னொரு விதமாகவும் பதில் சொல்லக்கூடும். "நீங்கள் அமைதியாகத்தான் இருப்பீர்கள், ஆனால் எதிர்த் தரப்பு வந்து கலவரம் செய்யும்" என்பது அது. விசைப்படகுக்காரர்களுக்கும் நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இழுவலை பற்றிக் கருத்து வேறுபாடு உள்ள கரையில் இந்த வாதம் வெறும் கற்பனை அல்ல. இதற்கு விடை ஒரு தமிழ்ப்படத்தின் வழக்கில் கிடைத்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றிய "ஒரே ஒரு கிராமத்திலே" படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது, தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் மேல்முறையீடு செய்தார். வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, அடக்கினால் அது சட்டத்தின் ஆட்சியை மிரட்டுபவர்களிடம் ஒப்படைப்பதாகும், பாதுகாப்பு அளிப்பது அரசின் கடமை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள உறவு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறியைப் போல உடனடியானதாக இருக்க வேண்டும் என்ற உவமை இத்தீர்ப்பில்தான் வருகிறது. கலவரம் செய்யப் போவதாகச் சொல்கிறவரைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாக அமைதியாகப் பேச வருகிறவரை வீட்டுக்கு அனுப்புவது அரசுக்கு எளிது. அந்த எளிமையைத்தான் நீதிமன்றம் மறுத்தது.

இராமேஸ்வரம் கரைக்கென்றே ஒரு கூடுதல் கேள்வி இருக்கிறது. இலங்கைக் கடற்படையைக் கண்டித்து முழக்கமிடுவதும், 1974, 1976 ஒப்பந்தங்களை எதிர்த்துக் கச்சத்தீவை மீட்கக் கோருவதும் "அயல்நாடுகளுடன் நட்புறவு" என்ற காரணத்துக்குள் வருமா? எழுத்தை மட்டும் பார்த்தால் வருமோ என்று ஐயம் எழலாம். ஆனால் அந்தக் காரணம் உறுப்பு 19(2)-இல்தான் இருக்கிறது. அமைதியாகக் கூடும் உரிமைக்கான எல்லைகளைச் சொல்லும் உறுப்பு 19(3)-இல் இறையாண்மை, ஒருமைப்பாடு, பொது ஒழுங்கு தவிர வேறில்லை. மேலும், காரணம் இருந்தால் மட்டும் போதாது. அதற்காக ஒரு சட்டமும், அந்தச் சட்டம் இந்தப் பேச்சைத் தொடுகிறது என்ற விளக்கமும் வேண்டும். கச்சத்தீவு ஒப்பந்தத்தை எதிர்த்து ஜெயலலிதா 2008-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். தீவை மீட்க வலியுறுத்தி 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டமன்றத்துக்குள் பேசுவதற்குத் தனிச் சிறப்புரிமை உண்டு என்பது உண்மையே. இருந்தாலும் சட்டமன்றத்தில் தீர்மானமாகும் கோரிக்கை தங்கச்சிமடம் தெருவில் முழக்கமாகும்போது அயலுறவு குலைந்துவிடும் என்று வாதாடுவது மிகவும் சிரமம்.

இதுவரை சொன்னதெல்லாம் சங்கத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. மூன்றாவது கேள்வியில் நிலைமை அப்படி ஒருபக்கமாக இல்லை. கட்டுப்பாடு நியாயமானதா என்பதை எப்படி அளப்பது என்று சென்னை மாநிலத்துக்கும் வி.ஜி. ராவுக்கும் இடையிலான 1952-ஆம் ஆண்டு வழக்கு வகுத்துக் கொடுத்தது. எந்த உரிமை பாதிக்கப்படுகிறது, கட்டுப்பாட்டின் நோக்கம் என்ன, தடுக்க நினைக்கும் தீங்கு எவ்வளவு பெரியது, எவ்வளவு அவசரமானது, தீங்குக்கும் தடைக்கும் அளவுப் பொருத்தம் உண்டா, அப்போதைய சூழ்நிலை என்ன என்பதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே வாய்ப்பாடு கிடையாது என்பதையும் அத்தீர்ப்பே சொல்லிவிட்டது.

அதன்படி பார்த்தால் இடம் மிக முக்கியமாகிறது. தங்கச்சிமடத்தில் சாலையோரத் திடலில் இரண்டு மணி நேரம் நிற்பது ஒன்று. பாம்பன் சாலைப் பாலத்தில் உட்கார்ந்துகொள்வது முற்றிலும் வேறு. 1988-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் ஒன்றுதான் தீவுக்குச் சாலை வழி. அதை மறித்தால் இராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்சும் நிற்கும், ஐஸ் பெட்டியில் இருக்கும் மீனும் நிற்கும். கோபத்தில் பாலத்துக்குப் போக வேண்டும் என்று இளைஞர்கள் சொல்வதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏனென்றால் பாலத்தை மறித்தால்தான் தில்லி வரை செய்தி போகிறது. ஆனால் சட்டம் அவர்கள் பக்கம் இல்லை. பொது வழியைக் காலவரையின்றி அடைத்துக்கொண்டு போராட முடியாது என்று ஷாகீன் பாக் போராட்டம் தொடர்பான அமித் சாஹ்னி வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதற்கு மறுபக்கம், 2018-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் வழக்கு: தில்லி ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்கு முழுத் தடை விதிப்பது சரியல்ல, நெறிமுறைகளை வகுத்து ஒழுங்குபடுத்துவதே வழி என்றது அதே நீதிமன்றம். நேரம், இடம், ஒலிபெருக்கியின் சத்தம், வருவோர் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு நிபந்தனை விதிப்பதில் அரசுக்கு நல்ல இடம் உண்டு. என்ன பேசலாம் என்று நிபந்தனை விதிக்கும்போதுதான் அரசின் சுமை மிகவும் கனக்கிறது.

இன்னொரு செய்தியையும் இந்தக் கரையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். உறுப்பு 19 குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பல ஆண்டுகளாக வாழ்ந்தும் குடியுரிமை பெறாத ஒருவர், இதே கோரிக்கைக்காக இதே திடலில் நின்றால், பேச்சுரிமை தடுக்கப்பட்டதாக உறுப்பு 19-இன் கீழ் முறையிட முடியாது. சமத்துவத்தைப் பற்றிய உறுப்பு 14-உம் உயிர், தனிமனித சுதந்திரம் பற்றிய உறுப்பு 21-உம் "நபர்" என்று பொதுவாகப் பேசுவதால் அவருக்கும் பொருந்தும்; சட்டப்படி அல்லாமல் அவரைப் பிடித்து அடைக்க முடியாது. முகாமிலேயே பிறந்து வளர்ந்த பலருக்கும் இதே நிலை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் தீர்வு குடியுரிமைச் சட்டத்தில்தான் தேடப்பட வேண்டும்.

கடிதத்தை எதிர்த்து எங்கே போவது? உறுப்பு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு. 2004 ஜூலையிலிருந்து இராமநாதபுரம் மாவட்ட வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகின்றன. மனுவோடு மூன்று தாள்கள் இருந்தால் வேலை எளிது: அனுமதி கேட்டுக் கொடுத்த மனுவின் நகல், அது பெற்றுக்கொள்ளப்பட்டதற்கான ஒப்புகை, எழுத்துப்பூர்வமான மறுப்பு. வாய்மொழியாக "வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் மறுப்பைக் காட்டுவதே சிக்கலாகிவிடும் என்பதால், மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்பது நல்லது. பெரும்பாலும் நீதிமன்றம் இரண்டில் ஒன்றைச் செய்கிறது: காரணங்களோடு புதிதாக முடிவெடுக்குமாறு காவல் துறைக்கு நாள் குறித்து உத்தரவிடுகிறது, அல்லது நிபந்தனைகளை வகுத்துத் தானே அனுமதி தருகிறது. ஆர்ப்பாட்டத் தேதிக்கு முதல் நாள் போய் நின்றால் அரசு வழக்கறிஞர் பதில் சொல்ல அவகாசம் கேட்பார். சனிக்கிழமை கடந்துவிட்டால் மனு பயனற்றதாகி முடித்துவைக்கப்படும். ஆகவே முதல் மனுவிலேயே, அந்த நாளில் இடையூறு என்றால் இன்னின்ன நாள்களில், இன்னின்ன இடங்களில் நடத்தவும் தயார் என்று மாற்றுத் தேதிகளையும் இடங்களையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி எழுதிய பிறகும் ஒரே வரியில் மறுத்தால், எல்லா நாளும் எல்லா இடமும் ஏன் கூடாது என்பதைக் காவல் துறை நீதிபதியிடம் விளக்க வேண்டியிருக்கும்.